கடலோர உணரி வலையமைப்பில் பாதுகாப்புச் சில்லு: மேசையிலிருந்து கிணற்றடி வரை முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான கரையோரக் கிணறுகளிலும் ஊருணிகளிலும், இறால் பண்ணைகளுக்கு உப்புநீர் செல்லும் கால்வாய்களிலும் உவர்ப்பை அளக்கும் கம்பியில்லாக் கணுக்களைப் பொருத்துவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கணுக்கள் லோராவான் முறையில் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு பேசும் ரேடியோ வலையமைப்பு முறை) பேசுகின்றன என்றும், ஒவ்வொரு கணுவிலும் மைக்ரோகன்ட்ரோலரோடு மைக்ரோசிப் நிறுவனத்தின் ஏடிஇசிசி608பி போன்ற ஒரு பாதுகாப்புச் சில்லு (சாவி எனப்படும் இரகசிய எண்களை வெளியே விடாமல் காத்து, அவற்றால் கையொப்பமிடும் சில்லு) இருக்கிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். வேறு நிறுவனத்தின் சில்லானாலும் படிகளின் வரிசை பெரும்பாலும் இதுவேதான்.

இந்த வேலையில் அறிவைவிட வரிசைதான் புதியவர்களைத் தடுக்கிறது. இதில் மூன்று படிகள் திரும்பப் பெற முடியாதவை. அவற்றில் ஒன்றை முன்கூட்டியே செய்துவிட்டால் சில்லு வீணாகும். செய்யாமல் விட்டுவிட்டால் சில்லு இருந்தும் பயனில்லை.

1. எதைக் காக்கிறோம் என்பதை எழுதி வையுங்கள்

கிணற்றடியில் நிற்கும் கணுவுக்குக் காவல் கிடையாது. யாரேனும் அதைக் கழற்றி எடுத்துச் சென்று, நினைவகத்தைப் படித்து, அதிலுள்ள சாவியை எடுத்துக்கொண்டால், வீட்டிலிருந்தபடியே அந்தக் கிணற்றின் பெயரில் பொய் அளவுகளை அனுப்பலாம். குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளுக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. 2100 என்பதை 1900 என்று மாற்ற ஒருவருக்குக் காரணம் இருக்கக்கூடிய ஊரில், அந்த எண்ணை அனுப்பியது எந்தக் கணு என்பது முக்கியமான கேள்வியாகிறது.

பாதுகாப்புச் சில்லு இந்த ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. சாவி சில்லுக்குள் இருப்பதால் அதை நகலெடுப்பது மிகக் கடினம். ஆனால் உவர்ப்புமானியைக் கிணற்றிலிருந்து எடுத்து ஒரு குடம் நல்ல தண்ணீரில் போட்டால், சில்லு அந்தப் பொய்யான அளவுக்கும் முறையாகக் கையொப்பம் இடும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஒருவர் இரைச்சலைப் பரப்பினால் சில்லால் அதைத் தடுக்க முடியாது. கணுவை முழுதாகத் திருடிச் சென்றவர், சாவியை எடுக்க முடியாவிட்டாலும், சில்லை அப்படியே இயக்கிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே நகலெடுத்தல், உவர்ப்புமானியை ஏமாற்றுதல், இரைச்சல், முழுத் திருட்டு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் மாற்றுவழியை எழுதுங்கள். சில்லைப் பற்ற வைத்துவிட்டால் தரவு முழுவதும் நம்பத்தக்கதாகிவிடும் என்ற எண்ணம் இந்தத் தாளை எழுதிய பிறகு தங்காது.

2. முன்கூட்டியே வேண்டியவை

கணுப் பலகைகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான சில்லுகளை வாங்குங்கள். முதல் சில சில்லுகள், அமைப்பை இனி மாற்ற முடியாதபடி பூட்டும் பயிற்சியிலேயே செலவாகிவிடும். அந்தச் செலவைத் தவிர்க்க முயல்பவர்கள் பின்னர் முழுப் பலகைகளையே இழக்கிறார்கள்.

சாவிகளைக் கையாள, இணையத்தோடு இணைக்கப்படாத ஒரு மடிக்கணினி வேண்டும். சில்லும் மைக்ரோகன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ஐ2சி தடத்தைப் பார்க்க, கம்பியில் செல்லும் குறிகளைப் பதிந்து காட்டும் ஒரு லாஜிக் அனலைசர் வேண்டும்; விலை குறைந்ததே போதும். உவர்ப்புமானியைச் சரிபார்க்க 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமென்ஸ் காட்டும் நிலைக்கரைசலும், கால்வாய் நீருக்கு 12.88 மில்லிசீமென்ஸ் கரைசலும், கையில் பிடித்து அளக்கும் தனிக் கருவி ஒன்றும் தேவை.

இவற்றோடு ஒரு பதிவேடு. சில்லின் 9 பைட் வரிசை எண், ரேடியோ தொகுதியின் 64 பிட் அடையாள எண், பொருத்தப்பட்ட கிணறு, பொருத்திய தேதி ஆகியவை ஒரே வரியில் இருக்க வேண்டும். ரேடியோவின் அடையாள எண்ணைத் தாமாகக் கற்பனை செய்து 1, 2, 3 என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக உள்ளது. தயாரிப்பாளர் அச்சிட்ட எண்ணையே பயன்படுத்துங்கள். கற்பனை எண் வேறொருவரின் கணுவோடு மோதும். பதிவேட்டிலும் எது எது என்று தெரியாமல் போகும்.

3. சில்லை மேசையில் எழுப்புங்கள்

சில்லு பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கும். ஐ2சி தரவுக் கம்பி குறைந்தது 60 மைக்ரோவினாடி தாழ்நிலையில் இருந்தால்தான் அது விழிக்கும். தடம் 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது ஒரு சுழியப் பைட்டை அனுப்பினாலே அந்த நேரம் கிடைத்துவிடுகிறது. 400 கிலோஹெர்ட்ஸில் அதே பைட் 20 மைக்ரோவினாடியில் முடிந்துவிடுவதால் சில்லு விழிப்பதில்லை. சில்லு பழுதென்று எண்ணிக் கழற்றப்படும் பலகைகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். எழுப்பும்போது மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

விழித்த பிறகு இயல்பான அமைப்பில் சுமார் 1.3 வினாடியில் சில்லு தானாக உறங்கிவிடும். அப்போது அதன் தற்காலிக நினைவில் கையொப்பத்துக்காக வைத்திருந்த எண்ணும் அழிந்துவிடும். முதலில் எண்ணை ஏற்றி, நடுவில் உவர்ப்புமானியின் விடைக்காகக் காத்திருந்து, பிறகு கையொப்பம் கேட்டால் பிழைதான் வரும். அளவெடுப்பதையும் ரேடியோவையும் முடித்துவிட்டு, சில்லின் வேலையை ஒரே தொடராகச் செய்யுங்கள்.

சில்லின் ஐ2சி தடத்தைப் பெட்டிக்கு வெளியே கொண்டுசெல்லாதீர்கள். உவர்ப்புமானிக்கு ஆர்எஸ்485 வகைத் தொடர்புக் கம்பி தனியாகச் செல்லட்டும். ஐ2சி கம்பி வெளியே நீண்டால் அது ஐப்பசி இடியின் மின்னெழுச்சியைச் சில்லுக்கு நேரே கொண்டுவரும். வெளியிலிருந்து ஒருவர் கொக்கி போட்டு ஒட்டுக்கேட்கவும் அது வழி திறக்கும்.

4. அமைப்புப் பகுதியை எழுதிப் பூட்டுங்கள்

இதுவே முதல் திரும்பாப் படி. மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

சில்லில் 16 சாவி இடங்கள் உள்ளன. 0 முதல் 7 வரை ஒவ்வொன்றும் 36 பைட். 8ஆவது 416 பைட். 9 முதல் 15 வரை ஒவ்வொன்றும் 72 பைட். தனிச்சாவிகளையும் (கையொப்பமிடும் இரகசியச் சாவிகள்) ஏஇஎஸ் சாவிகளையும் (இரு முனைகளிலும் ஒன்றாக இருக்கும் மறைகுறியாக்கச் சாவிகள்) முதல் எட்டு இடங்களில் வையுங்கள். ஃபர்ம்வேரை, அதாவது கணுவில் ஓடும் நிரலைச் சரிபார்க்கும் பொதுச்சாவி (தனிச்சாவியின் இணை; கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் பயன்படுவது) 36 பைட்டில் அடங்காது. அதை 8 முதல் 15 வரையிலான ஓர் இடத்தில் வைக்க வேண்டும். பூட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அந்தச் சில்லில் வேறு வழியில்லை.

எந்த இடத்தைப் படிக்கலாம், எதில் எழுதலாம், எந்தச் சாவி கையொப்பத்துக்கு மட்டும் என்பனவற்றை 128 பைட் அமைப்புப் பகுதி தீர்மானிக்கிறது. அந்தப் பைட்டுகளைக் கையால் கணக்கிட்டு எழுதாமல், ஒரு கோப்பாக வைத்து, இருவர் தனித்தனியே தரவுத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவரே எழுதி ஒருவரே சரிபார்த்தால் தன் பிழையைத் தானே கடந்து செல்வார்.

பூட்டும் கட்டளையில், சில்லில் உள்ள உள்ளடக்கம் நாம் எதிர்பார்த்ததுதானா என்பதைச் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணால் உறுதிசெய்த பின்னரே பூட்டுமாறு கேட்கலாம். அந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டும் பூட்டலாம். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு நிரல்கள் சிலவற்றில் சோதனை தவிர்க்கப்பட்டிருக்கும். அதை அப்படியே எடுத்தாள வேண்டாம். மின்சாரம் நடுவில் துண்டிக்கப்பட்டுப் பாதி எழுதப்பட்ட அமைப்பை அந்தச் சோதனை பிடித்துக் காட்டும்.

பூட்டுவதற்கு முன் சாவி உண்டாக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அமைப்புப் பகுதி பூட்டப்படும் வரை சில்லின் தற்செயல் எண் கட்டளை உண்மையான தற்செயல் எண்ணைத் தராது. எஃப்எஃப்எஃப்எஃப் 0000 என்ற ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தரும். அந்த எண்ணைத் திரையில் பார்க்காமல் அப்படியே சாவியாக எடுத்துக்கொண்டால் எல்லாக் கணுக்களுக்கும் ஒரே சாவி அமைந்துவிடும். வலையமைப்பு வேலை செய்யும், பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே பூட்டியதும் தற்செயல் எண்ணை இரண்டு மூன்று முறை கேட்டு, மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

5. சாவிகளை உண்டாக்குதலும் ஏற்றுதலும்

இரண்டு வகைச் சாவிகள் தேவை. முதலாவது, அளவுகளுக்குக் கையொப்பமிடும், பி-256 என்ற நீள்வட்ட வளைவு முறையின் தனிச்சாவி. இதைச் சில்லுக்குள்ளேயே உண்டாக்கச் சொல்லுங்கள். வெளியே வருவது பொதுச்சாவி மட்டும்; அதைச் சில்லின் வரிசை எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள். தனிச்சாவியை மடிக்கணினியில் உண்டாக்கிச் சில்லில் ஏற்றினால், அந்த மடிக்கணினியின் நகலெடுப்பு வட்டு இருக்கும் வரை அந்தச் சாவி இரண்டு இடங்களில் இருக்கும்.

இரண்டாவது, லோராவான் இணைப்புக்கான 128 பிட் ஏஇஎஸ் சாவி. இது சர்வரிலும் இருந்தாக வேண்டிய சாவி என்பதால் சில்லுக்குள் மட்டும் பிறக்க முடியாது. ஒரு தாய்ச்சாவியிலிருந்து ஒவ்வொரு கணுவுக்கும் கணக்கிட்டு எடுக்கும் முறை பெரிய வலையமைப்புகளுக்கு ஏற்றது. நூறு கணுக்களுக்குள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தற்செயல் சாவி உண்டாக்குவதே நல்லது என்பது என் கருத்து. தாய்ச்சாவி ஒன்று கசிந்தால் கரை முழுவதும் கசிந்துவிடும். ஒரே சாவியை எல்லாக் கணுக்களுக்கும் இட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தொடங்கும் வலையமைப்புகளில் அந்தப் பிறகு வருவதேயில்லை.

சாவிகள் ஏறிய பின் தரவுப் பகுதியைப் பூட்டுங்கள். இது இரண்டாவது திரும்பாப் படி. அதுவரை சாவி இடங்களில் யாரும் மேலெழுத முடியும் என்பதால், பூட்டாத சில்லோடு பலகையைக் கூரியரில் அனுப்பாதீர்கள்.

6. ஃபர்ம்வேர் சில்லைத்தான் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள்

கணுக்களுக்கான லோராவான் நிரல் தொகுப்பான லோராமேக்-நோட்டில் சாவிகளைக் கையாளும் பகுதி தனியாக உள்ளது. அதற்கு இயல்பாக வரும் வடிவம், சாவிகளை மைக்ரோகன்ட்ரோலரின் நினைவகத்திலேயே வைக்கும் மென்பொருள் வடிவம். ஏடிஇசிசி608க்கான வடிவத்தை நாம்தான் தேர்ந்தெடுத்துத் தொகுக்க வேண்டும். பலகையில் சில்லு இருக்க, ஃபர்ம்வேர் அதைத் தொடாமலே ஓடிக்கொண்டிருப்பது நான் பார்த்த பிழைகளில் மிக வருத்தமானது. செலவும் உழைப்பும் முழுதாக இருந்து, பாதுகாப்பு மட்டும் இல்லாமல் போகிறது. சோதனை எளிது. ஐ2சி தடத்தில் அனலைசரை வைத்துக் கணுவை இணையச் சொல்லுங்கள். இணையும் நேரத்தில் தடம் அமைதியாக இருந்தால் சில்லு பயன்படவில்லை.

அதே அனலைசரால் இன்னொன்றையும் பாருங்கள். இணைந்த பிறகு கணக்கிடப்படும் அமர்வுச் சாவி (அடுத்த இணைதல் வரை பயன்படும் சாவி) ஐ2சி தடத்தில் வெளிப்படையாக வரக் கூடாது. சில்லின் உள்ளேயே கணக்கிட்டு வேறு சாவி இடத்தில் சேமிக்கும் கட்டளை உள்ளது, அதையே பயன்படுத்துங்கள்.

பூட்லோடர் (கணு தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு நிரல்), புதிய ஃபர்ம்வேரை ஓட்டுவதற்கு முன் அதன் கையொப்பத்தைச் சில்லில் உள்ள பொதுச்சாவியால் சரிபார்க்க வேண்டும். பதிப்பு எண் பழையதானால் மறுக்கவும் வேண்டும். பழைய பதிப்பும் முறையான கையொப்பம் உடையதே. அதில் நீங்கள் பின்னர் சரிசெய்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

7. இணைதலும் எண்ணிகளும்

கணுக்கள் காற்று வழியே இணையும் ஓடிஏஏ முறையையே பயன்படுத்துங்கள். அமர்வுச் சாவிகளை நிலையாக எழுதிவைக்கும் ஏபிபி முறையில், மின்கலம் மாற்றியதும் செய்தி எண்ணி சுழியத்துக்குத் திரும்பக்கூடும். சர்வர் அதைப் பழைய செய்தி என்று தள்ளிவிடும். அப்போது சர்வரில் எண்ணிச் சோதனையை அணைத்துவிடுவது எளிய தீர்வாகத் தோன்றும். அணைத்த அன்றிலிருந்து, சென்ற மாதம் பதிவுசெய்த செய்தியை இன்று மறுபடி ஒலிபரப்பி ஏமாற்றலாம்.

லோராவான் 1.0.4 பதிப்பில், இணையும்போது அனுப்பும் 16 பிட் எண் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போக வேண்டும்; மின்சாரம் போனாலும் மறக்கக் கூடாது. சில்லில் பின்னோக்கித் திரும்பாத இரண்டு எண்ணிகள் உள்ளன; ஒவ்வொன்றும் 20,97,151 வரை எண்ணும். ஒன்றை இணைப்புக்கும் மற்றொன்றை அளவுகளின் வரிசை எண்ணுக்கும் ஒதுக்கலாம். மணிக்கு ஓர் அளவு என்றால் இது கணுவின் ஆயுளைவிட மிக நீண்டது.

8. கையொப்பம் செய்தியில் அடங்குமா

பி-256 கையொப்பம் 64 பைட். இந்திய அலைவரிசைத் திட்டத்தில் எஸ்எஃப்12 முதல் எஸ்எஃப்10 வரை (எஸ்எஃப் எண் கூடினால் செய்தி எட்டும் தொலைவு கூடி வேகம் குறையும்) ஒரு செய்தியில் 51 பைட்தான் செல்லும், எஸ்எஃப்9இல் 115. கேட்வேக்கு (கணுக்களின் ரேடியோச் செய்திகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் கருவி) தொலைவிலுள்ள கணு எஸ்எஃப்12இல் பேசும்போது கையொப்பம் முழுதாகச் செல்லாது. மேசையில் எல்லாம் சரியாக ஓடி, திருப்பாலைக்குடி போல் கேட்வேயின் வீச்சின் எல்லையிலுள்ள ஊருக்குப் போனதும் செய்திகள் காணாமற்போவது இதனால்தான்.

மணிக்கொரு அளவை லோராவானின் ஏஇஎஸ் சரிபார்ப்பு எண்ணோடு மட்டும் அனுப்புங்கள். நாளுக்கு ஒரு முறை, அன்றைய அளவுகள் அனைத்தின் எஸ்எச்ஏ-256 சுருக்கத்துக்கு (தரவில் எது மாறினாலும் மாறிவிடும் குறுகிய எண்) கையொப்பமிட்டு இரண்டு துண்டுகளாக அனுப்புங்கள். சர்வர் தன்னிடமுள்ள அளவுகளிலிருந்து அதே சுருக்கத்தைக் கணக்கிட்டு ஒப்பிடும். இடையில் ஒரு செய்தி தொலைந்தால் சுருக்கம் பொருந்தாது என்பதால், விடுபட்ட வரிசை எண்ணை மறுபடி கேட்கும் வசதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

9. டீபக் வழியை மூடுதல்

மூன்றாவது திரும்பாப் படி இது: டீபக், அதாவது பிழை தேடுவதற்காக மைக்ரோகன்ட்ரோலரை வெளியிலிருந்து படிக்கும் வழியை மூடுதல். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகன்ட்ரோலர்களில் நினைவகப் படிப்புப் பாதுகாப்பின் முதல் நிலையைத் திரும்ப நீக்கலாம்; நீக்கினால் நினைவகம் அழியும். இரண்டாம் நிலை பெரும்பாலான வரிசைகளில் நிரந்தரமானது. முதல் நிலையை உடைக்கும் வழிகள் சில வரிசைகளுக்கு வெளியாகியுள்ளன. சாவியைத் தனிச் சில்லில் வைத்ததன் பயன் இங்கே தெரியும்.

முதல் பருவத்துக்கு முதல் நிலை போதும். கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைக் களத்திலேயே மாற்றிப் பார்த்து, அது தவறாமல் நடக்கிறது என்று உறுதியான பிறகே இரண்டாம் நிலைக்குப் போங்கள். முன்கூட்டியே போனவர்கள் ஒரு சிறு பிழையைத் திருத்தவும் பலகையையே மாற்ற வேண்டிவருகிறது.

10. கேட்வே

கணுக்களை இவ்வளவு காத்துவிட்டு, கேட்வேயில் 1700ஆம் யுடிபி போர்ட் வழியே செல்லும் பழைய அனுப்பியை (செய்திகளைச் சர்வருக்குக் கடத்தும் நிரல்) அப்படியே விடுகிறார்கள். அதில் அடையாளச் சோதனையும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. அதற்கு மாற்றான பேசிக்ஸ் ஸ்டேஷன் நிரலுக்கு மாறி, மறைகுறியாக்கத்தோடு அடையாளத்தையும் சோதிக்கும் டிஎல்எஸ் முறையின் சான்றிதழைப் பயன்படுத்துங்கள். அந்த நிரல் சாவியைக் கோப்பிலிருந்து படிப்பதால், கேட்வேயில் டிபிஎம் சில்லு (கணினிகளுக்கான பாதுகாப்புச் சில்லு) இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நிரலகம் வழியாக அதை அணுகும் ஒரு டிஎல்எஸ் சுரங்க நிரலை இடையில் வைத்து, சாவியை டிபிஎம்முக்குள்ளேயே நிறுத்துங்கள்.

ராஸ்பெர்ரி பையில் டிபிஎம் பலகையைச் செருகியதாலேயே பூட் அளவீடு (தொடங்கும்போது ஓடும் மென்பொருளின் சுருக்கத்தை டிபிஎம்மில் பதிதல்) நடந்துவிடாது. அளவீடு இல்லாதபோது டிபிஎம்மின் பதிவகங்கள் தொடக்க மதிப்பிலேயே இருக்கும். அந்த மதிப்புகள் பொருந்தினால் மட்டும் திறக்குமாறு வட்டின் சாவியை முத்திரையிட்டால் எந்த மென்பொருள் ஓடினாலும் முத்திரை திறந்துவிடும். அளவீட்டை அமைக்க முடியாவிட்டால், கேட்வேயைப் பூட்டிய அறையில் வைப்பதே மேல்.

11. கரையில் நிறுவுதல்

இந்தக் கரையில் உப்பே முதல் எதிரி. கடற்காற்றில் வரும் உப்புத்துளி பலகையில் படிந்து, இரவில் ஈரமானதும் கம்பித்தடங்களுக்கிடையே மின்கசிவை உண்டாக்குகிறது. விழிக்க வேண்டாத சில்லு விழிக்கிறது, மின்கலம் வற்றுகிறது. சிலிக்கோன் பூச்சைப் பலகை முழுவதும் இடுங்கள்; ஆன்டெனா இணைப்பான்களை மறைத்துவிட்டுப் பூசுங்கள். கம்பி நுழையும் வாய்களைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் வையுங்கள்.

பெட்டி திறக்கப்பட்டதை அறிய இயந்திர விசையை வைத்தால் அது துருப்பிடித்து, திறக்காமலே திறந்ததாகச் சொல்லும். ஒளியுணரி சிறந்தது. திறந்ததும் சாவியை அழிக்கும்படி அமைக்காதீர்கள். பராமரிப்புக்கு வந்தவரே திறந்தாலும் கணு இறந்துவிடும்; புயலில் மூடி விலகினாலும் அப்படியே. திறந்த நேரத்தை எண்ணியோடு பதிந்து அனுப்பட்டும். அந்தக் கணுவின் அளவுகளைச் சர்வர் தனியே ஒதுக்கி வைக்கட்டும்.

ஆன்டெனாவைச் சீமைக்கருவேலக் காட்டின் தலைக்கு மேலே உயர்த்துங்கள். மழைக்குப் பின் இலை தழைத்ததும் சிக்னல் குறையும் என்பதால் கோடையில் அளந்ததை நம்பி உயரத்தைத் தீர்மானிக்க வேண்டாம். பனையில் கட்டுவதானால் பதனீர் இறக்குபவரிடம் முதலில் கேளுங்கள். அவர் ஏறும் மரம் அது. உங்கள் கம்பி அவர் காலுக்குத் தடையாகக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் நீர் எந்த மட்டம் வரை ஏறும் என்பதையும் அந்த ஊரிலேயே கேட்டுப் பெட்டியின் உயரத்தை முடிவுசெய்யுங்கள்.

உவர்ப்புமானிக்கும் கணுவுக்கும் இடையே ஆர்எஸ்485 கம்பியில் ஓடும் மோட்பஸ் என்ற தொடர்பு முறையின் செய்தியில் அடையாளச் சோதனை எதுவும் இல்லை. முதல் படியில் எழுதிய தாளில், உவர்ப்புமானியை ஏமாற்றுதலுக்கு எதிரே என்ன எழுதினீர்கள் என்பதை இங்கே நிறைவேற்ற வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சென்று கைக்கருவியால் அளந்து ஒப்பிடுங்கள். பக்கத்துக் கிணறுகளின் போக்கோடு சேர்த்துப் பாருங்கள். கால்வாயில் வைத்த உவர்ப்புமானியில் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) படிந்தாலும் அளவு விலகும் என்பதால், விலகலைக் கண்டவுடன் யார் மீதும் ஐயப்படாமல் முதலில் துலக்கி, நிலைக்கரைசலில் வைத்துப் பாருங்கள்.

12. திருட்டை ஒத்திகை பாருங்கள்

நிறுவி முடித்ததும் ஒரு கணுவைக் கழற்றி மறைத்து வையுங்கள். அது காணாமற்போனதைச் சர்வர் எத்தனை மணி நேரத்தில் சொல்கிறது, பதிவேட்டிலிருந்து அதன் சில்லு எண்ணை எவ்வளவு விரைவில் எடுக்க முடிகிறது, அதன் இணைப்புச் சாவியையும் பொதுச்சாவியையும் நீக்க யாரிடம் அனுமதி இருக்கிறது என்பவற்றைப் பாருங்கள். பின்னர் அதே கணுவை மறுபடி இயக்கி, சர்வர் அதை மறுக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

நீக்கும்போது, திருட்டு நடந்த நாளுக்கு முந்தைய அளவுகள் செல்லும், பிந்தையவை செல்லாது என்று தேதியோடு குறியுங்கள். பொதுச்சாவியை அடியோடு அழித்துவிட்டால் பழைய கையொப்பங்களை யாரும் சரிபார்க்க முடியாமல், அந்தக் கிணற்றின் முந்தைய ஆண்டுகளின் பதிவும் சேர்ந்தே மதிப்பிழக்கும்.